போகாத ஊருக்கு வழி சொன்னவர்கள்

அந்தமானைப் பற்றிக் கதை எழுத நெடுங்காலமாக ஒரே ஒரு தகுதிதான் தேவைப்பட்டது: அந்தமானில் கால் வைத்திருக்கக் கூடாது.

முதலில் மார்கோ போலோவை எடுத்துக்கொள்வோம். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தமான் பக்கக் கடலைக் கடந்தவர், ‘அங்கமனைன்’ தீவுக்காரர்களுக்கெல்லாம் நாய்த் தலை என்று சொல்லிவிட்டுப் போனார். கப்பலிலேயே உட்கார்ந்து ஊர் பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

நாம் மட்டும் என்ன யோக்கியம்? மணிமேகலையில் சாதுவன் என்று ஒருவன் வருகிறான். ஆதிரை என்ற பத்தினி மனைவியை வீட்டில் விட்டுவிட்டு, கணிகையிடமும் சூதாட்டத்திலும் சொத்தைக் கரைத்தவன். கை காலியானதும் கணிகை கதவைச் சாத்த, கடல் வாணிபம் செய்யக் கிளம்புகிறான். கப்பல் உடைகிறது. முறிந்த மரத்தைப் பிடித்து நக்க சாரணர் நாகர் வாழும் மலைப் பக்கம் ஒதுங்குகிறான். அது நிக்கோபார்தான் என்று சொல்கிறவர்கள் உண்டு; ‘நக்கவாரம்’ என்ற பழம்பெயர் அவர்களுக்குத் தோதாக இருக்கிறது. அசந்து தூங்குகிறவனைச் சாப்பாடு என்று எண்ணி எழுப்புகிறார்கள். அவனோ எழுந்ததும் நாகர் மொழியிலேயே பேசுகிறான்! அதை எங்கே கற்றான், சூதாட்டக் களத்திலா என்றெல்லாம் கேட்கக் கூடாது. காப்பியத்தில் கேள்வி கேட்டால் கதை நகராது.

தலைவன் மனம் குளிர்ந்து ஓர் இளம்பெண், கள், இறைச்சி மூன்றையும் கொடுக்கச் சொல்கிறான். ஊரில் இந்த வகையறாக்களுக்காகவே சொத்தை அழித்தவன், இங்கே வந்ததும் காதைப் பொத்திக்கொண்டு அறம் போதிக்கிறான். பெண்ணும் உணவும் இல்லாவிட்டால் உலகத்தில் வேறென்ன பயன் என்று தலைவன் கேட்கிறான். எனக்கென்னவோ அந்தக் காதையிலேயே நேர்மையான ஆள் அவன்தான். கடைசியில் சமரசம் ஆகிறது: கப்பல் கவிழ்ந்து வருகிறவர்களைத் தின்ன வேண்டாம், மூப்படைந்து தானாகச் செத்த விலங்கு என்றால் பரவாயில்லை. முன்பு தின்றவர்களின் பொருளையெல்லாம் சாதுவனிடமே கொடுத்து அனுப்புகிறார்கள். சூதில் போனது சொற்பொழிவில் வந்தது. இதை எழுதிய சாத்தனார் மதுரையில் தானிய வியாபாரி.

(நக்கவாரம் என்றதும் ராஜேந்திர சோழன் நினைவுக்கு வருவான். அவன் மெய்க்கீர்த்தியில், ஜெயித்த ஊர்களின் பட்டியலில் மாநக்கவாரமும் இருக்கிறது, ஸ்ரீவிஜயமும் இருக்கிறது. 2024-ல் போர்ட் பிளேருக்குப் பெயர் மாற்றியபோது சோழர் கடற்படையின் பெருமையையும் சொன்னார்கள். வைத்த பெயர், ஸ்ரீ விஜய புரம்.)

அடுத்தவர் ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில். 1889 ஆகஸ்டில் லண்டன் லாங்கம் ஹோட்டலில் ஓர் அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர் விருந்து வைத்தார். பக்கத்து நாற்காலியில் ஆஸ்கார் வைல்டு. அந்தச் சாப்பாட்டுக்குக் கைமாறாக டாயில் எழுதியது ‘தி சைன் ஆஃப் ஃபோர்’. கங்கையில் முதலைக்குக் காலைக் கொடுத்த ஜொனாதன் ஸ்மால் கொலைக் குற்றத்துக்காக ஆக்ராவிலிருந்து மதராஸ் வழியாக அந்தமானுக்குப் போகிறான். அங்கே நோயில் கிடந்த டோங்கா என்ற தீவுக்காரனைக் குணப்படுத்துகிறான். அவன் நன்றி மறக்காமல் தோணி ஓட்டி, லண்டன் வரை வந்து, எஜமானனுக்காகத் தேம்ஸ் நதியில் உயிரை விடுகிறான்.

டோங்கா பசிபிக்கில் இருக்கிற ஒரு நாட்டின் பெயர். அவன் கொல்வது ஊதுகுழலில் விஷ முள் வைத்து. அந்தமான் பழங்குடியினரின் ஆயுதமோ வில்லும் அம்பும். 140 வகைப் புகையிலைச் சாம்பலைப் பிரித்துச் சொல்லும் ஷெர்லாக் ஹோம்ஸ், அலமாரியிலிருந்து ஒரு கெசட்டியரை உருவி, இவர்கள் நரமாமிசம் தின்பவர்கள் என்று வாசித்துவிட்டு அப்படியே நம்புகிறார். ஸ்மால் அவனைச் சந்தைகளில் ‘கறுப்பு நரமாமிசக்காரன்’ என்று காட்டிக் காசு பார்த்ததாகவும் கதையில் வருகிறது. டாயிலும் பத்திரிகைக்காரரிடம் அதே பண்டத்தைத்தான் விற்றார், கொஞ்சம் கூடுதல் விலைக்கு.

நம் சினிமா 1952-ல் ‘அந்தமான் கைதி’யில் எம்.ஜி.ஆரை நடிக்க வைத்தது. 1978-ல் சிவாஜிக்கு ‘அந்தமான் காதலி’ கிடைத்தாள். இருபத்தாறு வருஷத்தில் பதவி உயர்வு.

நிஜமாகவே போய், தங்கி, வந்த ஒருவர் உண்டு. தூத்நாத் திவாரி, 1857 கலகத்தில் தண்டனை பெற்ற சிப்பாய். 1858 ஏப்ரலில் ராஸ் தீவிலிருந்து தப்பினார். கூட ஓடிய பலர் அம்புக்குப் பலியானார்கள்; இவர் காயத்தோடு பிழைத்தார். தீவுக்காரர்கள் யாரும் இவரைத் தின்னவில்லை. சேர்த்துக்கொண்டு, பெண்ணும் கொடுத்தார்கள், இரண்டு: லீபா, ஜீகா. திவாரி சாதுவன் போலக் காதைப் பொத்தவில்லை.

ஒரு வருஷம் கழித்து, வெள்ளைக்காரர் குடியிருப்பைத் தாக்கத் தீவுக்காரர்கள் திட்டமிட்டது இவருக்குத் தெரிந்தது. ஓடிப்போய்ச் சொல்லிவிட்டார். 1859 மே 17, அபர்தீன் சண்டை. துப்பாக்கிகள் தயாராகக் காத்திருந்தன; வில்லோடு வந்தவர்கள் தோற்றார்கள். திவாரிக்கு மன்னிப்பு கிடைத்தது, ஊர் திரும்பினார். அவர் கிளம்பியபோது லீபா கர்ப்பமாக இருந்தாள்.