தசமதானத்தில் ஒரு தரப்படுத்தல்

1971இல் தரப்படுத்தல் என்ற பெயரில் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குத் தமிழில் எழுதிய பிள்ளைக்கு 250 புள்ளி வேண்டுமென்றார்கள். சிங்களத்தில் எழுதிய பிள்ளைக்கு 227 போதுமென்றார்கள். அந்த 23 புள்ளிக்காக யாழ்ப்பாணம் கொதித்தது. ஐம்பது வருடமாய் மேடைக்கு மேடை சொல்லி அழுகிறோம். அழத்தான் வேண்டும். அழுது முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, பட்டப்பின்படிப்புத் தெரிவுக் குழுவில் போய்க் குந்துகிறோம். பட்டப்படிப்பின் சராசரிப் புள்ளி (GPA) 2.97 என்றொரு விண்ணப்பம் வருகிறது. 3.00 இல்லையா? தள்ளி வை. 23 புள்ளி அநியாயம், 0.03 புள்ளி நியாயம். எங்கட கையால் வெட்டினால் அதற்குப் பெயர் தராதரம்!

அப்படியொரு பிள்ளையின் பெறுபேற்றுத் தாளைக் கொஞ்சம் விரித்துப் பாருங்கள். முதல் வருடம் முழுக்க ஸூம் வகுப்பு. சிக்னல் பிடிப்பது ஊர்த் தண்ணீர்த்தாங்கிக்குப் பக்கத்தில் மட்டும். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு. தகப்பனின் படகுக்கு மண்ணெண்ணெய் இல்லை. கம்பஸுக்குப் போக பஸ் காசும் இல்லை. இரண்டு பாடம் பெயில். மறுவருடம் றிப்பீற் எழுதி 85 எடுத்தாள். தாளில் விழுந்ததோ வெறும் C. றிப்பீற் என்றால் 2.00க்கு மேல் ஏறாது, அதுதான் விதி. விழுந்தவள் எழும்பலாம், நிமிரக்கூடாது. கடைசி வருடத்தில் வரிசையாய் எடுத்த A எல்லாவற்றையும் அந்த இரண்டு C காலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும்.

இவ்வளவு கறாரான தராதரம் காசைக் கண்டால் மட்டும் இளகிவிடுகிறது. கன்னங்கராவின் இலவசக் கல்வி இளமாணியோடு சரி, முதுமாணிக்குக் கட்டணம். வார இறுதியில் நடக்கும் சில கற்கைநெறிகளுக்கு வகுப்புச் சித்தியில்லாத பட்டமும் செல்லும், காசு கட்டின துண்டு இருந்தால். இன்னும் தாராளம் வேண்டுமென்றால் இங்கிலாந்து இருக்கிறது. காணியை ஈடு வைத்து, கனடா மாமாவைக் கெஞ்சி, ஆயிரக்கணக்கான பவுணைக் கட்டினால் 2.6ஐயும் வாசலில் நின்று வரவேற்கிற பல்கலைக்கழகங்கள் உண்டு. ஒரு வருடத்தில் முதுமாணி. ஊர்ச் சந்தியில் பதாகை, பேப்பரில் அரைப்பக்க வாழ்த்து. தள்ளி வைத்த அதே குழுவிலிருந்து ஒருவர் பொன்னாடையோடு வருவார்: "எங்கட பிள்ளை!"

வசதியில்லாதவளோ கச்சேரி வாசலில் வேலையற்ற பட்டதாரிகளோடு வெயிலில் குந்தியிருப்பாள். அவள் எழுதிய ஆய்வு முன்மொழிவு உறை பிரியாமல் கோப்புக்குள் கிடக்கும்.

சலுகை தாருங்கள் என்று இங்கே யாரும் கையேந்தவில்லை. முன்மொழிவை வாசியுங்கள். நேர்முகத்துக்குக் கூப்பிட்டு மடக்கி மடக்கிக் கேளுங்கள். தகுதிகாண் பரீட்சை வையுங்கள், தோற்றால் அனுப்பிவிடுங்கள். நாலு வருடத்தில் யார் எங்கே தொடங்கி எங்கே வந்து நிற்கிறார் என்று ஒரு தடவையாவது பாருங்கள். பத்துப் பக்கம் வாசிக்க ஒரு மணித்தியாலம் போதும், பேராசிரியர்மாரே. அதற்கும் பஞ்சியென்றால், அடுத்த விண்ணப்ப அறிவித்தலில் நேர்மையாய் அதைப் போடுங்கள்: "வாசிக்கப் பஞ்சியாக இருப்பதால் 3.00க்குக் கீழ்ப்பட்டோர் விண்ணப்பிக்க வேண்டாம்."