லக்கில் போட்ட பாயிண்ட்

ராக்னராக் ஆன்லைன் விளையாட்டில் அந்நாளில் புதிதாக ஓர் ஆளை உருவாக்கப் போனால் முதலில் ஓர் அறுகோணப் படம் வரும். மூலைக்கு ஒன்றாக ஆறு குணங்கள்: பலம், சுறுசுறுப்பு, உடல்கட்டு, புத்தி, கைத்திறன், அதிர்ஷ்டம். எல்லாவற்றுக்கும் தலா ஐந்து புள்ளி. இஷ்டப்படி மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஒரு மூலையை இழுத்தால் எதிர்மூலை சுருங்கிவிடும். பலத்துக்கு எதிரே உட்கார்ந்திருப்பது புத்தி. பலம் ஒன்பது வேண்டுமென்றால் புத்தி ஒன்றுதான். 2002-இல் இந்த விளையாட்டை வெளியிட்ட கொரியாக்காரர்கள் அதற்கு முன்னால் எங்கள் ஊர் பி.டி. பீரியடை ஒருமுறை எட்டிப் பார்த்திருப்பார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. சுறுசுறுப்புக்கு எதிர்மூலை அதிர்ஷ்டம். அதுவும் நியாயம்தான். அதிர்ஷ்டசாலி எதற்கு ஓடியாட வேண்டும்?

அப்புறம் லெவல் ஏற ஏற பாயிண்ட் வரும். அந்தப் பாயிண்டுக்குத்தான் விலைவாசி. ஒரு குணத்தை ஒன்றிலிருந்து இரண்டாக்க இரண்டு பாயிண்ட் போதும். 91-க்கு மேல் போனால் படிக்குப் பதினொன்று பிடுங்குவார்கள், கரண்ட் பில் ஸ்லாப் மாதிரியே. ஒன்றிலிருந்து 99 வரை ஏற்ற மொத்தம் 628 பாயிண்ட். பழைய ஆட்டத்தில் கடைசி லெவலான 99-ஐத் தொடும்போது, ஆரம்பக் கையிருப்பையும் சேர்த்து, ஒருவன் ஆயுள் முழுக்கச் சம்பாதித்தது 1273. இரண்டு குணங்களை உச்சிக்குக் கொண்டுபோனால் கையில் மிஞ்சுவது 17. அதை வைத்து பாக்கி நான்கையும் ஒப்பேற்ற வேண்டும். போட்டது போட்டதுதான், அப்போதெல்லாம் திரும்ப எடுக்க முடியாது.

இதனால் ‘பில்ட்’ என்றொரு சாஸ்திரம் வளர்ந்தது. எந்த ஆளுக்கு எதில் எவ்வளவு போட வேண்டும் என்று கைடு எழுதித் தள்ளினார்கள். 2000-இல் வந்த டயாப்லோ 2 இதைவிட மோசம். அதில் நாலே குணம், லெவலுக்கு ஐந்து பாயிண்ட். பலம் கவசம் மாட்டுகிற அளவுக்கு, கைத்திறன் கேடயத்தால் அடியைத் தடுக்கிற அளவுக்கு, மிச்சமெல்லாம் உடல்கட்டுக்கு, எனர்ஜிக்குப் பெரும்பாலும் பட்டை நாமம். ஊர் உலகமே இப்படித்தான் போட்டது. மாற்றிப் போட்டவனுக்கு மன்னிப்புக் கிடைக்கப் பத்து வருஷமானது. 2010-இல் வந்த ஒரு பேட்ச்சில்தான் பாயிண்டைத் திரும்பப் பெறும் வழியே வந்தது. 2012-இல் டயாப்லோ 3 வந்தபோது, எல்லாரும் ஒரே விடைதானே எழுதுகிறீர்கள், பரீட்சை எதற்கு என்று அந்த வேலையைக் கம்ப்யூட்டரே எடுத்துக்கொண்டது.

ராக்னராக்குக்குக் கைடு எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் கணக்கு அத்தனையும் சரி. ஆனால் அந்தக் கணக்கில் நைட் முன்னால் நின்று அடி வாங்குவான், ப்ரீஸ்ட் பின்னால் நின்று உயிர் ஏற்றுவான், விசார்ட் நேரத்துக்கு மந்திரம் சொல்வான். இப்படியொரு கூட்டணி அவர்களுக்கு எங்கே கிடைத்தது என்றுதான் தெரியவில்லை. நான் விளையாடியது தில்லைநகர் பிரவுசிங் சென்டரில்.

எங்கள் விசார்டை எடுத்துக்கொள்ளுங்கள். விசார்டுக்குப் புத்தியும் கைத்திறனும் போதும். பழைய ஆட்டத்தில் கைத்திறன் ஏற ஏற மந்திரம் சொல்லும் நேரம் குறைந்து, 150-ஐத் தொட்டால் நினைத்த மாத்திரத்தில் விழும். எங்கள் ஆள் புத்திக்கு அடுத்தபடியாக அள்ளிக் கொட்டியது பலத்துக்கு. ஏனடா என்றால், “பொறுக்குற சாமானெல்லாம் யார்டா தூக்குறது?” என்றான். ஒரு புள்ளி பலத்துக்கு 30 எடை கூடுதலாகச் சுமக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் ஸ்டார்ம் கஸ்ட் என்ற பனிப்புயல் மந்திரம் பத்தாவது லெவலில் முழுசாக 15 விநாடி. ஆர்க் குகையில் எங்களைச் சுற்றிப் பிணங்கள் எழுந்து வந்துகொண்டிருக்க, இவன் தலைக்கு மேல் பச்சைக் கோடு நத்தையாய் நகரும். முக்கால்வாசி ஓடியிருக்கும்போது எங்கிருந்தோ ஒரு வௌவால் வந்து ஒரு கடி கடிக்கும். மந்திரம் கலைந்துவிடும். அவன் பதறாமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பான். சந்நியாசிக்குக்கூட அவ்வளவு பொறுமை இருக்காது.

ப்ரீஸ்ட் பரவாயில்லை, நல்ல பில்ட், கைடில் உள்ளபடியே. ஆனால் ஆபத்து நெருங்கும்போதெல்லாம் அவன் வீட்டில் சாப்பிடக் கூப்பிடுவார்கள். “அம்மா கூப்புடுது மாப்ள, ரெண்டே நிமிஷம்” என்று குரல் மட்டும் பக்கத்துக் கேபினிலிருந்து வரும். ஸ்கிரீனில் அவன் சிலையாக நிற்பான்.

நைட்டுக்கு வீரம் அதிகம். தனியே போய் நாலைந்து பூதங்களை உசுப்பிவிட்டு, அத்தனையையும் இழுத்துக்கொண்டு நேரே என்னிடம் வருவான்.

நான் அசாசின். அசாசினுக்குச் சுறுசுறுப்புதான் சொத்து, அடி விழாமல் விலகலாம் என்று கைடு சொல்லும். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரண்டு பூதங்கள் வரைக்கும்தான் அந்த விலகல் முழுசாக வேலை செய்யும். மூன்றாவது வந்து சேர்ந்தால் பத்து சதவீதம் குறையும், நாலாவதுக்கு இன்னொரு பத்து. தனியாகப் போகிறவனுக்கு இது பிரச்சினையே இல்லை. நைட்டுக்கு நண்பனாக இருப்பவனுக்கு?

ஆகவே நான் சுறுசுறுப்பிலிருந்து பிடுங்கி அதிர்ஷ்டத்தில் போட்டேன். “லக்குல போடுறான் பாரு, லூசு” என்று சென்டரே சிரித்தது. பத்துப் புள்ளி அதிர்ஷ்டத்துக்கு ஒரு சதவீதம், அடி தானாகவே தவறிப்போகும். 99 போட்டாலும் நூறு அடியில் பத்துதான் தப்பும், சொற்பம்தான். ஆனால் எத்தனை பூதம் சூழ்ந்தாலும் அது குறையாது. அதோடு மூன்று புள்ளிக்கு ஒரு சதவீதம் க்ரிட்டிகல் அடி. கையில் கட்டாரி இருந்தால் அது இரட்டிப்பு. அந்த அடி குறி தப்பாது, எதிரியின் கவசத்தையும் மதிக்காது. அதிர்ஷ்டம் ஏற்றினால் பூதங்களிடமிருந்து அபூர்வ கார்டு விழும் என்று நம்பிப் போட்டவர்களும் உண்டு. அப்படி எதுவும் கிடையாது. என் கணக்கு வேறு. பலமும் புத்தியும் உங்கள் ஆளுக்காகப் போடுவது. அதிர்ஷ்டம் கூட வருகிறவர்களுக்காகப் போட்டு வைப்பது.

இப்போது பல சர்வர்களில் ரீசெட் வந்துவிட்டது. காசு கொடுத்தால், சிலவற்றில் கொடுக்காமலேகூட, பழைய பாயிண்டையெல்லாம் கழற்றிப் புதிதாகப் போடலாம். பழைய கூட்டாளிகள் மறுபடி சேர்ந்தோம். விசார்ட் பலத்தைத் தொடவே இல்லை, அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டான். நைட்டுக்கும் திருப்தி. ப்ரீஸ்ட்தான் ரீசெட் பண்ணி மொத்தத்தையும் சுறுசுறுப்பில் கொட்டியிருக்கிறான், இனிமேல் ஆபத்து வந்தால் வேகமாக ஓடலாமாம். சுறுசுறுப்பு ஏறினால் நடை வேகம் ஏறாது. அதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. நானும் சொல்வதாயில்லை.