வண்டி ஏற வண்டி: கரிசல் நோக்கில் ஓர் ஆய்வு

மோட்டார் சைக்கிளை ஏற்றிச் செல்லத் தக்க வாகனம் எது என்ற வினா, மோட்டார் சைக்கிள் ஆளை ஏற்றிச் செல்வது என்ற எளிய நம்பிக்கையின்மேல் எழுவது. வைப்பாற்றங்கரை ஊரான விளாத்திகுளத்திலோ அது பருத்தி மூட்டையையும், ஆட்டுக்குட்டியையும், தண்ணீர்க் குடங்களையும், இடம் மிச்சமிருந்தால் உடையவரையும் ஏற்றிச் செல்லும். 1980-இல் வெளிவந்த டிவிஎஸ் 50-இன் வழித்தோன்றலான எக்ஸ்எல் 100, ஏறத்தாழ 90 கிலோ எடையே உடையதாயினும் தன்னினும் கனமான சுமையோடு ஓடுவதைக் கண்டு பழகிய வட்டாரம், அதையே இன்னொன்றில் ஏற்ற நேரும்போது சற்றுக் கூச்சப்படுவது இயல்பே.

அவ்வாறு நேர்வதற்குப் பழுது ஒன்றே காரணமன்று. கரிசல் மண்ணில் மாண்ட்மோரில்லோனைட் என்னும் களிமண் கனிமம் மிகுதி. நீரை உறிஞ்சி உப்புவதும், காய்ந்தால் சுருங்கி வெடிப்பதும் அதன் இயல்பு. வடகிழக்குப் பருவமழை இறங்கி, மழையை மட்டுமே நம்பிய மானாவாரி நிலங்களில் வேலை மும்முரமாகும் நாள்களில், காட்டுக்குள் (இவ்வட்டாரத்தில் காடு என்பது புஞ்சை நிலம்) சென்ற வண்டியின் டயருக்கும் மட்கார்டுக்கும் இடையில் இம்மண் அப்பிக்கொண்டு, சக்கரத்தைச் சுழலவிடாமல் பிடித்துவிடும். எஞ்சின் உறுமும், வண்டி அசையாது. இதற்கு மருந்து ஒரு கருவேலங்குச்சிதான் என்றாலும், குத்தி எடுத்த மண்ணைவிட அடுத்த பத்தடியில் ஏறும் மண் அதிகமாகையால், டிராக்டர் டிரெய்லரில் தூக்கிவைத்துத் தார்ச்சாலை சேர்ப்பதே முடிவாகிறது.

தார்ச்சாலையில் நின்றுபோன வண்டிக்கு முதலில் பரிசீலிக்கப்படும் வாகனம் மைத்துனரின் கால். ஓடும் வண்டியில் அமர்ந்தவர், ஓடாத வண்டியின் பின்பக்கக் கால்மிதியில் தம் பாதத்தை வைத்துத் தள்ளிச் செல்லும் இம்முறைக்கு வாடகை இல்லை, பர்மிட் இல்லை, தயாரிப்பாளர் அறிவித்த சுமைத்திறனும் இல்லை. ஆபத்தானது என்பதோடு, எட்டயபுரம் வரை தாங்கும் அக்கால் கோவில்பட்டி என்றதும் மரத்துப்போவதும், கல்யாணத்தில் தீராத கணக்குகள் நடுவழியில் நினைவுக்கு வருவதும் இதன் குறைகள்.

கால் கைவிட்ட இடத்தில் குட்டியானை வருகிறது. 2005-இல் அறிமுகமாகி இப்பெயராலேயே அறியப்படும் டாட்டா ஏஸ் ஏறத்தாழ முக்கால் டன் சுமக்கும். ‘பாடி’ எனப்படும் அதன் சரக்குத் தட்டு சுமார் 7 அடி நீளமும் 5 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலமும் உடையது. ஸ்பிளெண்டர் ஒன்று ஏறத்தாழ 112 கிலோ ஆகையால் எடைக் கணக்கில் ஆறு வண்டிகள் ஏறும்; ஹேண்டில்பார் கணக்கில் இரண்டே ஏறும்; ஒன்றை முன்னோக்கியும் அடுத்ததைப் பின்னோக்கியும் நிறுத்தி, கண்ணாடிகளைக் கழற்றிவிட்டால் மூன்று ஏறும் என்பது ஓட்டுநர் கணக்கு. 2011-இல் வந்த அசோக் லேலண்டின் தோஸ்த் ஒன்றேகால் டன் தாங்கும். மகிந்திராவின் பொலேரோ பிக்கப்பும் குட்டியானையைவிட நீண்ட பாடி உடையது. எனவே 190 கிலோவை ஒட்டிய புல்லட்டுக்கு இவையே பொருத்தம் என்று அளவுநாடா கூறும்.

அளவுநாடா கூறுவதை விளாத்திகுளம் கேட்பதில்லை. இங்கே தேர்வைத் தீர்மானிப்பது, எந்த வண்டி காலியாகத் திரும்புகிறது என்பதே. தனியாக அழைத்தால் போகவர இருவழிக்கும் வாடகை கேட்கும் அதே வண்டி, சரக்கிறக்கித் திரும்புகையில், “போற வழிதானே அண்ணாச்சி” என்ற ஒரே சொற்றொடருக்கு இளகிவிடும். ஆயின் காலி வண்டி முற்றிலும் காலியானதன்று. முந்தைய சரக்கு தன் சுவட்டை அதில் விட்டுச் செல்கிறது. சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண் பூசி, புகையவிட்டுக் கரியாக்கும் மூட்டங்களிலிருந்து கரி ஏற்றிய வண்டியில் வரும் சிவப்பு பைக், ஆர்.சி.யில் நிறத்தைத் திருத்த வேண்டிய நிலையில் இறங்கும். மிளகாய் வற்றல் ஏற்றிய வண்டியில் வந்தது, உடையவரைத் தும்மவைத்த பிறகே ஸ்டார்ட் ஆகும். சனிக்கிழமை எட்டயபுரம் ஆட்டுச் சந்தையிலிருந்து திரும்பும் வண்டி காலி என்று சொல்லப்பட்டாலும், விலை படியாத கிடாய்கள் இரண்டு அதில் நிற்கும்; சீட் உறையைத் தீவனத்திலிருந்து பிரித்தறியும் பழக்கம் அவற்றுக்கு இல்லை.

வண்டியை ஏற்றுவதற்குச் சாய்வுப் பலகை வேண்டும் என்பது பொது விதி. குட்டியானையின் பின்புறத்தைக் கண்மாய்க் கரையோடு ஒட்டிவிட்டால் பலகை வேண்டாம் என்பது உள்ளூர் விதி. முன் ஃபோர்க்கின் ஸ்பிரிங் பாதியளவு அமுங்கும்படி இருபுறமும் கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டும். சைடு ஸ்டாண்டை மட்டும் நம்பினால் குழிதோறும் வண்டி துள்ளிச் சாயும். இதை நன்கறிந்தும், கயிற்றை நம்பாத உடையவர் தாமே பாடியில் ஏறி, தம் வண்டிமேல் அமர்ந்து, வளைவுகளில் ஹேண்டில்பாரைத் திருப்பியபடி வருவதுண்டு. சரக்குத் தட்டில் ஆள் ஏறுவதை விதிகள் ஏற்பதில்லை. சரக்கின் உரிமையாளர் கேபினில் அமர்ந்து வரலாம். ஆனால் கேபினில் வந்தால், வண்டியை ஓட்டிவந்ததாக ஊருக்குள் சொல்லிக்கொள்ள இயலாது.

சென்னைக்கு அனுப்புவதாயின் கோவில்பட்டி ரயில் நிலையம் உண்டு. பெட்ரோலை முழுக்க வடித்து, ஆர்.சி. நகல் கொடுத்து, சாக்குச் சுற்றித் தைத்துப் பார்சலில் போட வேண்டும். வடித்த பெட்ரோல் வழியனுப்ப வந்தவரின் வண்டிக்குப் போகும்; வழியனுப்ப ஆள் எளிதில் கிடைப்பதற்குக் காரணம் இதுவே.

ஆகவே, தேர்வுக்குரிய வினாக்கள் மூன்று: வண்டி எங்கிருந்து திரும்புகிறது, கடைசியாக எதை ஏற்றியது, அதில் இன்னும் எது நிற்கிறது. சுமைத்திறனும் நீளமும் இவற்றுக்குப் பின்னரே. இவை மூன்றுக்கும் நிறைவான விடை தரும் வாகனம் ஒன்று விளாத்திகுளத்தில் இல்லாமலில்லை. அது எப்போதும் அருகிலேயே இருப்பது, கரியோ வற்றலோ கிடாயோ ஏற்றாதது, ஓடாத வண்டியைத் தூக்கவே தேவையில்லாதது: ஸ்பானர் பையை முன்னால் வைத்துக்கொண்டு மெக்கானிக் ஏறி வரும் எக்ஸ்எல்.