வல்லாரையும் மண்ணெண்ணெய் மணமும்

எங்கள் வீட்டில் சோதினை நெருங்குகிறது என்பதைச் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தே அறியலாம். காலமை புட்டோடு வல்லாரைச் சம்பல். மத்தியானம் சோற்றோடு வல்லாரை வறை. பின்னேரம் இலைக்கஞ்சி என்ற பெயரில் மறுபடியும் வல்லாரை. அந்த இலை பார்ப்பதற்கு மூளை மாதிரி இருக்கிறது என்பதே அதன் முதல் தகைமைச் சான்றிதழ். அது ஞாபகத்தைக் கூட்டுமா என்று ஆய்வுகூடங்கள் இன்னும் அறுதியாகச் சொல்லவில்லை. அம்மா சொல்லிவிட்டா; அதற்குமேல் மேன்முறையீடு கிடையாது.

யாழ்ப்பாணத்தாருக்குப் படிப்பு என்றால் உள்ளே போவதுதான். இலை போகவேண்டும், நோட்ஸ் போகவேண்டும், ரியூசன் சேர் சொன்னது போகவேண்டும். சோதினையிலோ வெளியே எடுக்கச் சொல்கிறார்கள். கிணறு நிறையத் தண்ணீர் இருந்து என்ன, துலாவைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை.

அடுத்தது சத்தம். "வாய்விட்டுப் படி, எனக்குக் கேக்கேல்லை" என்று குசினிக்குள் இருந்து குரல் வரும். ஆகவே ஆவர்த்தன அட்டவணையையும் சைவசமயப் பாடத்தையும் ஒரே ராகத்தில், வேலிக்கு அப்பாலும் கேட்கும்படி ஓதுவோம். பொருள் விளங்கியதா என்று கேட்கும் வழக்கம் இல்லை. ஜேர்மனியில் எபிங்ஹாஸ் என்றொருவர் இதே வேலையைத் தானாகவே விரும்பிச் செய்தார். பொருளே இல்லாத அசைகளை உண்டாக்கி, தன்னையே பரிசோதனைப் பிராணியாக்கி, அவற்றைப் பாடமாக்கி, பிறகு எவ்வளவு மிஞ்சியது என்று அளந்து 1885இல் புத்தகம் போட்டார். திரும்பப் பாடமாக்கும்போது மிச்சப்படுகிற உழைப்புத்தான் அவருடைய அளவுகோல். ஒரு மணித்தியாலத்தில் அது 44 வீதம், ஒரு நாளில் 34, ஒரு மாதத்தில் 21. அதே மனிதர் பைரனின் கவிதையைப் பாடமாக்கியபோது பத்தில் ஒரு பங்கு உழைப்பே போதுமாயிருந்தது. பொருள் விளங்கினால் மலிவு. இதை எங்கள் சமயபாட ரீச்சருக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவ கையில் பிரம்பு இருந்தது.

1990இல் யுத்தத்தோடு மின்சாரம் போனது. வர ஆண்டுக்கணக்கானது. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் மருந்து மாதிரி அளந்து கிடைத்த காலம். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய், பஞ்சு, ஒரு திரி. அதுதான் எங்கள் பல்கலைக்கழக அனுமதிக்கான முழு உட்கட்டமைப்பு. மூன்று பேர் ஒரு விளக்கைச் சுற்றிக் குனிந்தால் ஒருவருடைய தலைமயிர் கட்டாயம் பொசுங்கும். மூக்கைச் சீறினால் கறுப்பாக வரும். நியூட்டனின் விதிகள் எனக்கு இன்றைக்கும் மண்ணெண்ணெய் மணத்தோடுதான் ஞாபகம் வருகின்றன. ஆனால் சோதினை நடந்ததோ பட்டப்பகலில், காற்றோட்டமான மண்டபத்தில்.

இந்த அநியாயத்துக்கு ஒரு விஞ்ஞான விளக்கம் இருக்கிறது. 1975இல் கொடன், படெலி என்ற இருவர் ஸ்கொட்லாந்துக் கடலில் சுழியோடிகளை இறக்கி, 36 சொற்களைக் கரையிலும் நீருக்கடியிலும் கேட்கவைத்தார்கள். கரையில் கற்றதைக் கரையில் கேட்டால் சராசரி 13.5 சொல், நீருக்குள் இறக்கிக் கேட்டால் 8.6. நீருக்குள் கற்றவர்களுக்கு நீருக்குள்தான் கூட வந்தது. படித்த சூழல் திரும்பக் கிடைத்தால் படித்ததும் வரும் என்பது கதை. நியாயமாகப் பார்த்தால் பரீட்சைத் திணைக்களம் ஒவ்வொரு மேசையிலும் ஒரு ஜாம் போத்தலை ஏற்றி வைத்திருக்கவேண்டும். 2021இல் இதைத் திருப்பிச் செய்துபார்த்தபோது அந்த வித்தியாசம் கிடைக்கவில்லையாம். இருக்கட்டும். என் பௌதிகவியல் பெறுபேற்றுக்கு எனக்கு 1975தான் வசதி.

ஞாபகம் என்றதும் எங்கள் ஆட்கள் புலோலியைக் கொண்டுவருவார்கள். அங்கே 1871இல் பிறந்த நா. கதிரைவேற்பிள்ளை சென்னைக்குப் போய்ச் சதாவதானி என்று பெயரெடுத்தவர், திரு.வி.க.வின் ஆசிரியர். ஒருவர் மணி அடிப்பார், ஒருவர் முதுகில் பூ எறிவார், ஒருவர் கணக்குக் கேட்பார், ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். இப்படி நூறு காரியம் என்று கணக்கு. எல்லாவற்றுக்கும் கடைசியில் பிசகாமல் விடை சொல்லவேண்டும். பக்திப் பாடல்கள் அருளால் வந்த அருட்பாவா, மயக்கத்தில் வந்த மருட்பாவா என்று அக்காலத்தில் நடந்த சண்டையில் அவர் மருட்பாப் பக்கம். எதிர்ப்பக்கத்தில் நின்ற கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலரும் 1907இல் சதாவதானியானவர். ஞாபகசக்தி இப்படி இருந்தால் சண்டை எங்கே ஆறும்? "அந்த மண்ணின்ரை வல்லாரை அப்படி" என்று ஒரு பெரியவர் எனக்கு விளக்கம் தந்தார். அவதானியைச் சுற்றி இருந்த கூட்டம்தான் என் கண்ணில் படுகிறது. கேட்பதற்கென்றே சபையில் வந்து குந்தியிருக்கிற ஆட்கள்!

எனக்கு அப்படி ஒரு சபை அம்மம்மா. திருவலையில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டு, "இண்டைக்கு என்னடா படிப்பிச்சவை?" என்பா. கொப்பியைப் பார்க்க விடமாட்டா. ஒளித்தொகுப்பைச் சொல்லவேண்டும், இடையில் நின்றால் "பேந்து?" என்று ஒரு சொல். 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி இருவரும் இதையே செய்து பார்த்தார்கள். திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்தில் முன்னுக்கு நின்றார்கள். ஒரு கிழமை கழிய அவர்களுக்கு 42 வீதம், தாளை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56. அவர்களிடம் திருவலை இல்லை என்பது மட்டும்தான் குறை.

அம்மம்மாவின் ஞாபகம் வேறு வகை. அடுத்தநாள் பக்கத்து வீட்டு மாமிக்கு, "மரங்களுக்கும் அடுப்பு இருக்காம், வெய்யிலை மூட்டிச் சீனி காய்ச்சுதுகளாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தா. கேம்பிரிட்ஜில் பார்ட்லெட் 1932இல் எழுதியது இதைத்தான்: கேட்ட கதையை மனிதர் தமக்குப் பழகிய உலகத்துக்கு ஏற்ப மாற்றியே திருப்பிச் சொல்வார்கள். என் விஞ்ஞானக் கொப்பியைவிட அது நன்றாகவும் இருந்தது.

இப்போது தங்கச்சியின் மகன் உயர்தரம் எடுக்கிறான். விடிய ஒரு ரியூசன், பொழுதுபட இன்னொன்று, கோப்பையில் வல்லாரை. நோட்ஸில் எல்லா வரியும் மஞ்சள் மையில் மினுங்குகிறது. "மூடிப்போட்டு வெறுந்தாளில எழுதிப் பார், மிச்ச நேரம் நித்திரை கொள்" என்றேன். அவன் சந்தோஷமாக மூடினான். தங்கச்சி தேத்தண்ணியோடு உள்ளே வந்தவள் மேசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அண்ணை, நீங்கள் கொஞ்ச நேரம் வெளியில இருங்கோ. பிள்ளை படிக்கட்டும்."