வாங்க தம்பி, ஏற்காட்டை வாங்கலாம்

வாங்க தம்பி, வாங்க. பெஞ்சு லேசா ஆடும், பயப்படாதீங்க. 20 கொண்டை ஊசி வளைவுல ஆடி வந்தவருக்கு இதெல்லாம் ஒரு ஆட்டமா? பாப்பாவுக்குத்தான் மூஞ்சி வெளுத்துப்போயிருக்கு. ஒரு எலுமிச்சம்பழம் தர்றேன், மோந்து பார்க்கச் சொல்லுங்க. கொல்லிமலைக்குப் போயிருந்தா 70 வளைவு. அந்தக் கணக்குக்கு எங்க மலை ரொம்ப இரக்கமுள்ள மலை.

ரயில்ல வரலாம்னு நெனச்சு கார்ல வந்தீங்களாக்கும்? நல்ல வேளை. பேரை நம்பி ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல ஏறியிருந்தா, சேலத்துல உங்களை இறக்கிவிட்டுட்டு அது பாட்டுக்கு ஈரோட்டுக்குப் போயிருக்கும். ஏற்காடுன்னு பேரு வெச்சுக்கிட்டு ஏற்காட்டையே பார்க்காத வண்டி அது. ரெண்டு நாள் ரூம் போட்டுத் தங்கிட்டு நீங்களும் அந்த வண்டி மாதிரி திரும்பிப் போயிடக் கூடாதேன்னுதான் நாலு வார்த்தை சொல்றேன். வார்த்தைக்குக் காசு வேணாம். பஜ்ஜிக்கு உண்டு.

இந்த மலையில எதைப் பார்த்தாலும், எதைத் தின்னாலும், எதுக்குக் காசை எடுத்தாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இது இங்க முளைச்சதா, இல்ல உங்களை மாதிரி ஏறி வந்ததா?

ஏரிக்கரையில பாப்பாவுக்கு ஒரு கம்பளித் தொப்பி வாங்கினீங்களே, காதுல ரெண்டு முயல் தொங்குமே, அது ஏறி வந்தது. நாலாவது வளைவுல ஒரு லாரி வழி விடலைன்னு ஹாரன் அடிச்சுத் தீர்த்திருப்பீங்களே, அந்த மாதிரி லாரியிலதான் அதுவும் வந்துச்சு. பிளாஸ்டிக் துப்பாக்கி, கலர் கண்ணாடி, சாவிக் கொத்து எல்லாம் அதே லாரிப் பயணிங்கதான். சேலத்துல ஒரு விலை, இங்க ஒரு விலை. நடுவுல இருக்கற வித்தியாசம் குளிருக்கு. அப்புறம் அம்மணி கையில ஒரு பாட்டில் பார்த்தேன். நீலகிரித் தைலம்! பேருலயே ஊரை எழுதி ஒட்டியிருக்கான், அப்பவும் நம்ம ஆளுங்க இங்க வந்து வாங்கறாங்க. நாளைக்கு ஊட்டிக்குப் போய் சேலத்து மாம்பழம் வாங்குவீங்களாட்டம்.

வாங்கணும்னா மிளகு வாங்குங்க. சில்வர் ஓக் மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஒரு கொடி ஏறிப் போகுதே, அதுதான். கையில நாலு எடுத்துத் தண்ணியில போடுங்க. நல்ல மிளகு முங்கும், சொத்தையும் பப்பாளி விதையும் மிதக்கும். காப்பித்தூள் வாங்கினா பாக்கெட்டைத் திருப்பி சிக்கரி எத்தனை சதவீதம்னு பாருங்க. சின்ன எழுத்துல இருக்கும், கண்ணாடி போட்டுக்கறதுல வெக்கமில்லை. தேனா? கடைக்காரர் ஒரு சொட்டைக் காகிதத்துல விட்டு, ஊறலை பார்த்தீங்களான்னு வித்தை காட்டுவாரு. கெட்டியான சர்க்கரைப் பாகும் அந்த வித்தையைக் காட்டும் தம்பி. தேனை மட்டும் தெரிஞ்ச கையில வாங்கணும். பை கேக்காதீங்க. 2019 ஜனவரியில இருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை. மஞ்சப்பை பத்து ரூபாதான், அதுவும் நம்ம கடையிலயே கிடைக்கும்.

பார்க்கற எடத்தைச் சொல்லணுமா? லேடீஸ் சீட்டுக்குப் போங்க. பேரைக் கேட்டு நீங்க கூச்சப்பட வேணாம், ஜென்ட்ஸ் சீட்டும் சில்ரன்ஸ் சீட்டும் தனித்தனியா இருக்கு. பாறையைக்கூட ரயில் பெட்டி மாதிரி பிரிச்சு வெச்சுட்டுப் போயிட்டான் வெள்ளைக்காரன். கிழவனுக்குத்தான் சீட்டு இல்லை. அங்க நின்னு எல்லாரும் எதைப் பார்க்கறாங்கன்னு நெனக்கிறீங்க? கீழ விட்டுட்டு வந்த சேலத்தை! ‘அதோ பாரு, நாம வந்த ரோடு’ன்னு ஒரே குதூகலம். டெலஸ்கோப்புல வேற பார்ப்பாங்க. ஆனா விளக்கு வெச்ச நேரத்துல போனா நான் கேலி பண்ண மாட்டேன். கீழ ஊரே கொட்டி வெச்ச மணி மாதிரி மினுக்கும். சேலம் அவ்வளவு அழகுன்னு சேலத்துக்காரனுக்கே மேல வந்தாத்தான் தெரியும்.

பகோடா பாயிண்டுக்குப் போய் பக்கோடா தேடாதீங்க. உங்களுக்கு முந்தி நெறைய பேரு தேடிட்டாங்க. கல்லை அடுக்கி வெச்சிருக்கறது பகோடா மாதிரி இருக்குன்னு வந்த பேரு. கீழ காக்கம்பாடி தெரியும். கிளியூர் அருவியை ஏப்ரல்ல வந்து கேட்டா, அருவி இருக்கும், தண்ணி இருக்காது. ஏரி நிரம்பி வழியற தண்ணிதான் அங்க போய் 300 அடி விழுது. ஐப்பசி, கார்த்திகையில மழை பார்த்து வரணும். படியில இறங்கறப்போ எல்லாரும் வாலிபந்தான். ஏறும்போது முட்டி உங்க வயசைச் சத்தம்போட்டுச் சொல்லும்.

மே மாசம் கோடை விழா. மலர்க் கண்காட்சி, நாய்க் கண்காட்சி, படகுப் போட்டி எல்லாம் உண்டு. அந்த வாரம் இந்த மலையில அதிகமாப் பூக்கறது காருதான். 1,515 மீட்டர் உசரம் எங்க ஊரு, ஊட்டி 2,240. அதனால எங்களை ‘ஏழைகளின் ஊட்டி’ம்பாங்க. அந்த வாரம் ரூம் வாடகை கேட்டுட்டு வந்து சொல்லுங்க, ஏழை யாருன்னு. நெசமாவே பூ பார்க்கணும்னா கோடையில மொத மழை விழுந்த பத்து நாள்ல வாங்க. காப்பித் தோட்டம் முழுக்க வெள்ளையாப் பூத்து மல்லிகை மாதிரி மணக்கும். டிக்கெட் கிடையாது, அதனாலதான் கூட்டமும் கிடையாது.

அப்புறம் சேர்வராயன் கோயில், மலையோட உச்சி, 5,326 அடி. குகைக்குள்ள சேர்வராயரும் காவேரி அம்மனும் இருக்காங்க. அந்தக் குகை காவேரி பொறக்கற எடம் வரைக்கும் போகுதுன்னு எங்க பெரியவங்க சொல்லுவாங்க. நான் போய்ப் பார்த்ததில்லை, திரும்பி வர பஸ் கிடையாதே. உள்ள போறவங்க யாரா இருந்தாலும் குனிஞ்சுதான் போகணும். செல்ஃபிக் குச்சியும் குனியணும்.

சாப்பாடா? சேலத்துல இறங்கினதும் தட்டுவடை செட் தின்னுங்க. ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல சட்னியும் துருவின பீட்ரூட்டும் கேரட்டும் வெச்சுத் தருவாங்க. அது அந்த ஊருச் சொத்து, அங்கதான் தின்னணும். மலைக்கு வந்தவங்க ராகிக் களி, சாமைச்சோறு கேட்டா மரியாதை. நீங்க ஃப்ரைடு ரைஸ் கேட்டீங்களாம். சீனாக்காரன் எத்தனை வளைவு ஏறி வந்திருக்கான் பாருங்க!

என்ன சிரிப்பு? ‘தாத்தா, உங்க பஜ்ஜி மட்டும் இங்க முளைச்சதா’ன்னு பாப்பா கேக்குதா? கெட்டிக்காரி. மாட்டிக்கிட்டேன். கடலை மாவு சேலத்துல இருந்து பஸ்ல வருது, எண்ணெயும் அப்படித்தான். மிளகாய் சந்தையில வாங்கினது. இங்கத்தது இந்த ஏரிக்காத்தும் என் வாயுந்தான்.

கேட்டதுதான் கேட்டுட்டீங்க, முழுசாச் சொல்லிடறேன். இந்தக் காப்பியே ஏறி வந்ததுதான். 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் துரை கொண்டாந்து கிரேஞ்ச் எஸ்டேட்ல வெச்சாரு. மிளகுக் கொடி புடிச்சிருக்கற சில்வர் ஓக் ஆஸ்திரேலியா மரம். 1963ல தொடங்கின ஆர்க்கிட் தோட்டம் ஒண்ணு இருக்கு. அங்க பூச்சி புடிக்கற குடுவைச்செடி மேகாலயாவுல இருந்து வந்தது. அவ்வளவு ஏன், நானே ஏறி வந்தவந்தான். எங்க சனத்தை மலையாளிம்பாங்க. உடனே ‘கேரளாவா தாத்தா’ன்னு கேப்பீங்க. இல்லைங்க, மலையில இருக்கற ஆளு, பேசறது தமிழு. மூணு அண்ணந்தம்பிங்க காஞ்சிபுரத்துல இருந்து கிளம்பி ஆளுக்கொரு மலை ஏறினாங்கன்னு எங்க பாட்டன் கதை சொல்லுவாரு. ஏறி வந்து எத்தனை தலைமுறையாச்சோ, யாரு கண்டா.

அதனால கேள்வியைக் கொஞ்சம் திருத்திக்கலாம். ஏறி வந்தது குத்தமில்லை தம்பி. வந்தது வேர் விட்டுச்சான்னு பாருங்க. காப்பி விட்டுச்சு, ஓக்கு விட்டுச்சு, நாங்களும் விட்டோம். முயல் தொப்பி விடலை. அவ்வளவுதான் சங்கதி.

கிளம்பறீங்களா? இறங்கும்போது கியர்லயே போங்க, பிரேக்கையே மிதிச்சுக்கிட்டுப் போனா சூடாயிடும். எதிர்ல ஏறி வர்ற வண்டிக்கு நீங்கதான் வழி விடணும். மலை ரோட்டுல இறங்கறவன் ஏறறவனுக்கு விடறதுதான் மரியாதை.

ஆமா, ஒண்ணு கேக்க மறந்துட்டேன். காலையில நீங்க இந்த வழியாப் போகும்போது வண்டியில ஆறு தண்ணி பாட்டில் இருந்துச்சு. இப்ப ரெண்டுதான் இருக்கு. ஏரிக்கரையில விட்டுட்டு வந்தீங்களா, ரோட்டோரத்துலயா? அந்த நாலும் எத்தனை தலைமுறை கிடந்தாலும் வேர் விடாதுங்க தம்பி. போய் எடுத்துட்டு வாங்க. நீங்க வர்றதுக்குள்ள இன்னொரு ஈடு பஜ்ஜி போட்டு வெக்கிறேன். அதுக்குக் காசு தனி.