சாரதியே இல்லையாம்!

சிங்கப்பூர் போய் வந்த மருமகன், முதல் நாளே சாரதியில்லா ரயிலில் ஏறிய கதையைத் தலைமன்னாரில் அளந்துகொண்டிருந்தார். அட்டையை ஒருக்கால் காட்டினால் கதவு திறக்குமாம்.

மாமா வெற்றிலையை ஒரு கடைவாயில் ஒதுக்கினார். “1914இலேயே சென்னையில ஒரே டிக்கெட். தனுஷ்கோடி மட்டும் ரயில், இஞ்ச வரைக்கும் கப்பல், பிறகு கொழும்புக்கு ரயில்.”

1964 புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. பிறகு இராமேசுவரத்திலிருந்து வந்த கப்பலைப் போர் நிறுத்தியது. 2015இல் ரயில் மட்டும் திரும்பி வந்தது. முப்பது சொச்சம் கிலோமீற்றர் கடலைத் தாண்ட இன்று காங்கேசன்துறைக் கப்பலையோ பலாலி விமானத்தையோ தேடி ஓட வேண்டும்.

“சாரதியில்லாம ரயில் ஓட்டுறது பெரிய வித்தையே, மருமகன்? நாங்கள் கப்பலே இல்லாம இறங்குதுறை வச்சிருக்கிறம்!”