ஹமூர் மாயை: எமிரேட்ஸ் மீனுணவைச் சிக்கனமாக உண்ணும் நெறி குறித்த ஓர் ஆய்வு

இவ்வாய்வின் கருதுகோள் ஒன்றே. எமிரேட்ஸ் மக்களின் மரபான மீனுணவு காசில்லாதவர்கள் கண்டுபிடித்தது. ஆகவே அதைக் குறைந்த காசில் உண்பவரே மரபைக் காப்பவர். கடல் தெரியும் சன்னலோரம் அமர்ந்து, நூற்றுக்கணக்கில் திர்ஹாம் கொடுத்து ஹமூர் எனும் மீனைத் தின்பவர் இவ்வாய்வில் ‘புறநடை’ என்று வகைப்படுத்தப்படுகிறார். அவர்மீது ஆய்வாளருக்குப் பொறாமை ஏதும் இல்லை என்பதை, யாரும் கேட்காவிட்டாலும், நெறிமுறை கருதி இங்கேயே பதிவு செய்துவிடுகிறோம்.

முதற்சான்று வரலாறு. எண்ணெய் கிடைப்பதற்கு முன் அந்தக் கரையின் பெருந்தொழில் முத்துக்குளிப்பு. கோடையில் ஏறக்குறைய நான்கு மாதம் கடலிலேயே கிடந்தவர்களுக்குப் பேரீச்சம்பழமும் சோறும் மீனும்தான் ஆகாரம். அரிசியும் மசாலாவும் இந்தியக் கரையிலிருந்து பாய்மரக் கப்பலில் வந்தன. 1930களில் ஜப்பானின் வளர்ப்பு முத்தும் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து அந்தத் தொழிலைக் கவிழ்த்துவிட்டன. குளிர்பெட்டி இல்லாத, வெயிலுக்கும் உப்புக்கும் மட்டும் குறைவில்லாத ஊரில் மிஞ்சிய மீனை என்ன செய்வது? உப்பிட்டார்கள், அது மாலிஹ். காயவைத்து இடித்தார்கள், அது சஹ்னா. ஜாடியில் ஊறவைத்து வெயிலில் வைத்தார்கள், அது மகியாவா. இவற்றுள் எதுவும் வெள்ளை மேசை விரிப்பை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டதல்ல. சார்ஜாவைச் சேர்ந்த திப்பா அல் ஹிஸ்னில் மாலிஹுக்கென்றே ஆண்டுதோறும் திருவிழா நடக்கிறது. கருவாட்டுக்கு விழா எடுக்கும் நாகரிகத்தைக் குறைத்து மதிப்பிட நமக்கு அருகதை இல்லை.

மகியாவாவைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். மூக்கு அனுமதிக்கும் வரை. நெத்திலி போன்ற பொடிமீனும் உப்பும், கடுகு, சோம்பு, மல்லி முதலிய மசாலாவும் சேர்ந்து புளித்துப் பழுப்பு நிறக் குழம்பாகின்றன. பாரசீக வளைகுடாவின் எதிர்க்கரையிலிருந்து வந்து குடியேறிய பண்டம் இது. இதற்குத் துணை ரகாக் ரொட்டி. சூடேறிய இரும்புத் தட்டின் முன் அமர்ந்த பெண்மணி தளர்ந்த மாவை ஒரு கை அள்ளித் தட்டில் தேய்க்கிறார். மெல்லிய படலம் ஒட்டிக்கொள்ள, மிச்ச மாவு கைக்கே திரும்பிவிடுகிறது. அது முறுகுவதற்குள் ஒரு முட்டையை உடைத்துப் பரப்பி, புட்டியிலிருந்து மகியாவாவைச் சுற்றிலும் தெளித்து, தகட்டுக் கரண்டியால் ஓரத்தைச் சுரண்டி மடித்து நீட்டுகிறார். விலை ஒரு சிற்றுண்டியின் விலைதான். அறிவியல் நோக்கில் சொன்னால், ஒரு திர்ஹாமுக்குக் கிடைக்கும் மணத்தின் அளவில் இதை விஞ்சும் பண்டம் அந்நாட்டில் இல்லை.

அடுத்தது ஜஷீத். பால்சுறாவை வேகவைத்து, தோலும் முள்ளும் நீக்கி உதிர்த்து, வெங்காயத்தோடு வதக்கி, பிஸார் மசாலாவும் லூமி எனும் காய்ந்த எலுமிச்சையும் சேர்த்தால் ஜஷீத். நம் சுறாப்புட்டைத் தின்றவர் இதைத் தட்டில் கண்டதும் சொந்தம் கொண்டாடுவார். இரு கரைகளில் எது முந்தியது என்ற விவாதத்தைச் சோறு ஆறிவிடும் என்பதால் ஒத்திவைக்கிறோம்.

இனி ஹமூர் மாயை. ஹமூர் நம்மூர்க் களவா. நல்ல மீன்தான், மறுப்பதற்கில்லை. அதன் புகழே அதற்கு எமனாயிற்று. அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டதால், எமிரேட்ஸ் வனவுயிர்ச் சங்கம் 2010இல் தொடங்கிய நுகர்வோர் இயக்கத்தில் அதைச் சிவப்புப் பட்டியலில் வைத்தது. ஆக, ஹமூரைத் தவிர்ப்பவருக்குப் பணமும் மிச்சம், புண்ணியமும் மிச்சம். மாற்றாக மத்தியும் பாரையும் இருக்கின்றன. ஒராவையும் விளைமீனையும் விரும்புவோர் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும்: அங்கே ஸாஃபி, ஷாரி எனப்படும் இவை மார்ச், ஏப்ரலில் முட்டையிடுவதால் பிடிக்கத் தடை உண்டு. கனாத் எனும் வஞ்சிரத்துக்கு ஆகஸ்ட் 15 முதல் அக்டோபர் 15 வரை தடை. கோடையில் படகுகள் குறைந்து விலை ஏறும். எஞ்சுவது குளிர்காலம். சிக்கனக்காரருக்கு அதுவே அறுவடைக் காலம்.

விலையை நிர்ணயிக்கும் மாறிகளை ஆராய்ந்ததில் கிடைத்த சூத்திரம் இது: விலை என்பது மீன், கூட்டல், விரிப்பைச் சன்னலால் பெருக்கி வருவது. விரிப்பு பிளாஸ்டிக் தாளாக இருந்தால் பின்பகுதி சுழியமாகிவிடும்.

இதைச் சோதிக்கத் தகுந்த களம் துபாயின் டெய்ராவில் உள்ள வாட்டர்ஃப்ரண்ட் மார்க்கெட். பழைய மீன் சந்தைக்கு மாற்றாக 2017இல் திறக்கப்பட்டது. பர் துபாய்ப் பக்கமிருந்து வருவோர் அப்ரா படகில் ஒரு திர்ஹாமுக்கு நடுவிலுள்ள கடற்கழியைக் கடந்து, அங்கிருந்து வண்டியோ பேருந்தோ பிடிக்கலாம். குளிரூட்டிய கூடத்தில் பனிக்கட்டி மேல் மீன். பேரம் மட்டும் பழைய சூட்டில். செவுளைத் தூக்கிப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் பேசுங்கள், பழுப்பாக இருந்தால் நகருங்கள். வாங்கியதை வெட்டுமிடத்தில் கொடுத்து, குழம்புக்கா சுடுவதற்கா என்று சொன்னால் அதற்கேற்றபடி துண்டு போடுவார்கள். அங்கேயே சுட்டும் தருவார்கள், அதற்குத் தனிக்கூலி. அபுதாபியின் மினா சாயித் சந்தையிலும் முறை இதுவே.

கள ஆய்வின் ஒரே சிக்கல் சமையற்காரர். அவர் பெரும்பாலும் மலையாளியாக இருப்பார். அரபு மசாலா கேட்டாலும் மிளகாய்த்தூள் தன் வேலையைக் காட்டும். ஜுமைரா மீன்பிடித் துறைமுகத்தருகே சிறு கூண்டுக் கடையாகத் தொடங்கிப் பெரும்புகழ் பெற்ற பு கதைர் கடையின் வறுவலும் கேரளக் கைமணமே. அதை எமிரேட்ஸ் மரபு என்று எழுதுவோர் உண்டு. ருசியில் குறையில்லை, வகைப்பாட்டில்தான் பிழை. கறாரான மரபு வேண்டுவோர் மீன் மச்பூஸ் கேளுங்கள்: மீன் வெந்த சாற்றிலேயே அரிசியும் வேக, நடுவில் லூமி கறுத்துக் கிடக்க வேண்டும். பரிமாறும் அளவைப் பார்த்தபின் இருவருக்கு ஒன்று சொன்னால் பெரும்பாலும் போதும்.

கடைசியாக வாசகருக்கு ஒரு வேண்டுகோள். வெட்டுபவரிடம் தலையை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். மச்பூஸின் சாறு அதில்தான் இருக்கிறது. எடை போட்டபோதே அதற்கும் சேர்த்துக் காசு கொடுத்தாயிற்று.